இரண்டாவது காது

நாற்பத்தொரு ஊர்களில் ஒன்றுக்குத்தான் போன் செய்தேன். அதையும் பேசாமல் வைத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில், ஆற்றைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். இயந்திரங்களுக்குக் குரல் தயாரிக்கும் சிறிய நிறுவனம். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முடித்துவிட்டு ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் அறையில் மூன்று பேர். பொறுப்பாளர் ஹெட்விக், இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலியில் இருக்கும் வுப்போ, பிறகு நான்.

வேலை இதுதான். எங்கள் டச்சு மொழியில் இரண்டு சொற்களைச் சேர்த்தால் நடுவில் இடைவெளி விடமாட்டோம். சைக்கிள்மணி. அதோடு கடை சேர்ந்தால் சைக்கிள்மணிக்கடை. நகராட்சியிலிருந்து வரும் ஒரு கடிதத்தில் அகராதியில் இல்லாத புதுச்சொற்கள் குறைந்தது மூன்று இருக்கும். நாங்கள் படித்துவிடுவோம். இயந்திரத்துக்கு இரண்டு சொற்களும் சேரும் தையல் எங்கே என்று தெரியாது. மாலைச் சாப்பாடு என்ற சொல்லை ஆவொன்ட்-ஏதன், அதாவது மாலை-சாப்பாடு, என்று வெட்ட வேண்டும். அதன் போக்கில் விட்டால் ஆவொன்-டேதன் என்று வெட்டும். சாதாரணச் சொல்லில் அப்படித்தான், மெய் அடுத்த உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும். சேர்ந்த சொல்லில் மட்டும் தையலை மதிக்க வேண்டும். எங்கே வெட்டுவது, எந்தத் துண்டை அழுத்திச் சொல்வது என்று நாங்கள் குறித்துக் கொடுப்போம்.

அழுத்தம் பெரும்பாலும் முதல் துண்டில் விழும். இடங்களின் பெயர்கள் அப்படி அடங்குவதில்லை. தெரு என்று முடிந்தால் முன்துண்டு; கால்வாய், சதுக்கம் என்று முடிந்தால் பின்துண்டு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, இரண்டு வயதில் தானாக வந்துவிடுகிறது. சின்ன ஊர்களின் பெயர் இன்னும் மோசம். அந்த ஊர்க்காரர் வாயில் எப்படி வருகிறதோ அதுதான் சரி. வெளியில் இருப்பவர் ஊகிக்க முடியாது.

அதனால் அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சொல்லும் இரண்டு பேரிடம் போக வேண்டும். ஒருவர் முதல் காது, இன்னொருவர் இரண்டாவது காது. ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் அதுவே முடிவு. ஒத்துப்போகாதவை வெள்ளிக்கிழமை காலை காப்பி நேரத்துக்கு வரும். மூவரும் உட்கார்ந்து அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். சந்தேகம் தீராவிட்டால் வுப்போ எழுந்து ஜன்னலைத் திறந்து, கால்வாய்க்கு அக்கரையில் யாரோ நிற்பதுபோல அதைக் கூவுவார். கூவும்போது அழுத்தம் தானாகச் சரியான இடத்தில் விழும். ஆற்றுப் படகுக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் தெற்கே, கார்னிவல் திருவிழாவுக்குப் பேர்போன லிம்பர்க்கில் பிறந்தவள். நாங்கள் பேசினால் கொஞ்சம் ராகம் வரும். முதல் வெள்ளிக்கிழமை, நகரசபைக்கான சொல் என் முறைக்கு வந்தது. சொன்னேன்.

"ஹெட்விக், கேட்டீங்களா?" என்றார் வுப்போ. "நகரசபைக்குள்ள கார்னிவல் ஊர்வலம் போகுது! இன்னொரு தடவை சொல்லு பொண்ணே, மேளம் வந்துச்சான்னு பாக்கலாம்."

"நீங்க பேசாதீங்க வுப்போ," என்றார் ஹெட்விக். "வடக்க உங்க ஹ்ரோனிங்கன்ல பாதி வார்த்தைய முழுங்கிட்டு மீதியத்தான் வெளிய விடுவீங்க."

"குளிரு ஜாஸ்தி. வாயத் திறந்தா வீட்டுச் சூடு போயிரும்."

இருவரும் சிரித்தார்கள். கேலியில் விஷம் இல்லை. நானும் சிரித்திருக்கலாம். கழுத்துவரை சூடு ஏறியது. அடுத்த வெள்ளிக்கிழமையை நினைத்துக் காப்பியை முழுவதும் குடித்து முடித்தேன்.

வுப்போவின் கோப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பூட்டு எதுவும் கிடையாது, சட்டம் மட்டும்தான். முதலில் சந்தேகம் உள்ள சொற்களுக்கு மட்டும் பார்த்தேன். பிறகு எல்லாவற்றுக்கும். இரண்டு அளவீடுகள் முழுக்க ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்பது இயற்பியல் படித்தவளுக்குத் தெரியாதா? நூற்றுக்கு நான்கு இடத்தில் வேண்டுமென்றே மாற்றிக் குறித்தேன். எந்த நான்கு என்பதைக்கூட ஒரு கணினி நிரல் எழுதிக் குலுக்கிப்போட்டு எடுத்தேன். பார்த்து எழுதியதைவிட இதுதான் எனக்கு அதிக வெட்கம். வெள்ளிக்கிழமை அந்த நான்கும் வரும். "நீங்க குறிச்சதுதான் சரி" என்று உடனே சொல்லிவிடுவேன். வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருக்காது. அது முடிந்தது என்று வுப்போ கரண்டியால் கோப்பையை ஒரு தட்டு தட்டுவார்.

பிப்ரவரியில் பேருந்து வேலை வந்தது. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள ஊர்களில் ஓடும் பேருந்துகளுக்கு அறுநூறு நிறுத்தங்களின் பெயர்கள். தெரியாத ஊருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும். இரண்டு காதும் தனித்தனியாக, தனித்தனி ஆட்களிடம். கேட்கவும் ஒரு முறை உண்டு. உங்கள் ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லா அசையையும் அழுத்துவார்கள். 'உங்க கடைக்கு வரணும்னா எந்த ஸ்டாப்புல இறங்கணும்?' என்று கேட்க வேண்டும். அப்போது பெயர் தன்னை அறியாமல் வந்து விழும்.

வுப்போ மேசைத் தொலைபேசியில் பேசினார். நான் செல்பேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். பட்டியலில் முதல் ஊர் ஹாசன்ஹூக். ஹாசன் என்றால் முயல்கள், ஹூக் என்றால் மூலை. அங்கே ஒரு ரொட்டிக்கடை எண் கிடைத்தது. எடுத்தவர், எங்கள் வழக்கப்படி, முதலில் தன் பெயரைச் சொன்னார்: "ரிக்கி தெர்போர்க்." அடுத்து நான் என் பெயரைச் சொல்ல வேண்டும். துண்டித்துவிட்டேன். அவர் திருப்பி அழைத்தார். அது ஒலித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு தினமும் தாழ்வாரத்துக்குப் போய் இருபது நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். மாலையில் வுப்போவின் கோப்பைத் திறந்தேன்.

கவனித்திருக்க வேண்டிய விஷயங்கள் கண்ணெதிரில் நடந்தன. வுப்போ ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். "ஆமா, ஆமா, ரொம்ப நன்றி" என்று சீக்கிரம் வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் நாற்காலியைத் திருப்பி எங்கள் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொள்வார். நான் அவர் திரையை மட்டும்தான் கவனித்தேன்.

செப்டம்பரில் பேருந்துகள் பேச ஆரம்பித்தன. இரண்டாவது வாரம் கடிதங்கள் வந்தன. எங்கள் ஊரை இப்படி யாரும் சொன்னதில்லை, இது எந்த நாட்டுப் பேருந்து என்று. நாற்பத்தொரு ஊர்கள். எல்லாவற்றிலும் பின்துண்டில் விழ வேண்டிய அழுத்தம் முன்துண்டில் விழுந்திருந்தது. தோன் வெர்ஹாகன் என்ற கண் தெரியாத பெரியவர் ஒருவரின் கடிதத்தை ஹெட்விக் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: 'முப்பது வருடமாக ஹாசன்ஹூக்கில் இறங்குகிறேன். செவ்வாய்க்கிழமை பேருந்து எனக்குத் தெரியாத ஓர் ஊரின் பெயரைச் சொன்னது. நான் உட்கார்ந்தே இருந்தேன். படகுத்துறைவரை போய்விட்டேன். மழை பெய்தது.'

அடுத்த வியாழக்கிழமை வுப்போவுக்கு அறுபத்து நான்கு வயது. பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அவரே சுட்ட ஆப்பிள் கேக், பட்டை வாசனை மாடி முழுக்க வந்தது. வழக்கப்படி எல்லாரும் எல்லாருக்கும் கைகொடுத்தோம். "வுப்போ பிறந்தநாளுக்கு உனக்கும் வாழ்த்து," என்று ஹெட்விக் எனக்கும் கைகொடுத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன்," என்றார். "ரெண்டு பேரு தனித்தனியா போன் பண்ணி, நாப்பத்தொரு ஊர்லயும் ஒரே தப்பு. நடக்கவே நடக்காது. ஒருத்தரப் பாத்து இன்னொருத்தர் எழுதியிருக்கீங்க."

நான் தட்டைப் பார்த்தேன்.

"வுப்போ, உங்களுக்குக் காது கேக்குதா?"

"கேக்குதே."

ஹெட்விக் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது. 'இன்னைக்கு என்ன கிழமை?' வுப்போ அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"போன்ல கேக்கல," என்றார். "ரெண்டு வருஷமாச்சு. நேர்ல ஆளு வாயப் பாத்தா சமாளிச்சிருவேன்."

"அதனால இவ கோப்பப் பாத்து எழுதினீங்க. இவ புதுசு. லிம்பர்க் காது, தப்பாப் புரிஞ்சிருப்பா. அதச் சரிபண்ணத்தான உங்கள வச்சிருக்கேன். நீங்க பாத்து எழுதுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல வுப்போ. இருபத்திரண்டு வருஷம்."

வுப்போ என்னைப் பார்த்தார். நீண்ட பார்வை இல்லை. நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரம் ஆக்குவதா இல்லையா என்று ஹெட்விக் எழுத வேண்டும். அதை நினைத்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. நினைத்தேன் என்றால்கூடக் காரணமாவது இருக்கும். உண்மையில், மேசையில் மூன்று பேர் இருக்கும்போது சத்தமாகப் பேசுவது எனக்குக் கஷ்டம். அவ்வளவுதான் இருந்திருக்கும். ஒரு துண்டு கேக்கை வாயில் வைத்துக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டாம்.

"ஊகிச்சுத்தான் போட்டேன்," என்றார் வுப்போ. யார் கோப்பையும் பார்த்தேன் என்று சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"மேலிடத்துல பேசி முடிவெடுக்கறவரைக்கும் வீட்டுல இருங்க," என்றார் ஹெட்விக்.

கேக் பாத்திரத்தை வுப்போ கொண்டுபோகவில்லை. மதியம் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஹெட்விக் என்னைப் பேருந்தில் அனுப்பினார். நாற்பத்தொரு நிறுத்தங்களையும் நேரில் போய்க் கேட்டுக் குறித்து வர வேண்டும். கடிதம் எழுதிய தோன் உடன் வர ஒப்புக்கொண்டிருந்தார். அவர் தன் வெள்ளைத் தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். பேருந்து அணைக்கரை மேல் ஏறியது. இயந்திரக்குரல் அடுத்த நிறுத்தத்தைச் சொன்னது: வில்ஹன்டைக், முன்பகுதியில் ஓங்கி அடித்து. பின்னால் இருந்த பள்ளிப் பிள்ளைகள் காத்திருந்தவர்கள்போல அதே குரலில் திருப்பிச் சொன்னார்கள். பேருந்து முழுக்கச் சிரிப்பு.

"கேட்டியா?" என்றார் தோன். "வீட்டுல அம்மாவையே இப்பிடித்தான் கூப்பிடறாங்களாம். மூணு வாரமா இதே கூத்து."

"ம்."

"உங்க ஆபீஸ்ல ஒரு பெரியவருக்குக் காது போச்சாமே. உங்க மேடம் போன்ல சொன்னாங்க. பாவம். எனக்குக் கண்ணு, அவருக்குக் காது. சேத்து வச்சா ஒரு முழு ஆளு தேறும்."

"ம்."

"ஆனா ஒரு கணக்கு இடிக்குது பாரு. எதையும் ரெண்டு பேரு கேப்பீங்களாமே?"

"ஆமா."

"ஒருத்தருக்குக் காது கேக்கல. சரி. இன்னொருத்தருக்கு?"

"கேக்கும்," என்றேன்.

"கேக்கும்னா எங்க ஊருக்குப் போன் பண்ணின உடனே தெரிஞ்சிருக்குமே. இங்க கைக்குழந்தைகூட ஊர்ப் பேரத் தப்பாச் சொல்லாது. அப்ப அந்த ஆளு போனே பண்ணல."

குரல் அடுத்த ஊரைத் தப்பாகச் சொன்னது. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

"யாரும்மா அந்த இன்னொரு ஆளு?" தோன் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நேராக வைத்திருந்தார்.

"நான்தான்."

"நெனச்சேன். காலைலேருந்து ஒரு வார்த்தைக்கு மேல நீ பேசல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் ஸ்டாப்பத் தவறவிட்டவன். மழைல நனைஞ்சேன், காஞ்சிட்டேன். அந்த மனுஷன் வீட்டுல உக்காந்திருக்காரு," என்றார்.

ஹாசன்ஹூக்கில் இறங்கினோம். அடுத்த பேருந்துக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று தோன் தடியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை. சாலைக்கு எதிரில் ரொட்டிக்கடை. ஜன்னலில் தெர்போர்க் என்று எழுதியிருந்தது. அணைக்கரையில் காற்று பலமாக அடித்தது. நான் வுப்போவின் எண்ணை அழுத்தினேன்.

"வுப்போ வீர்த்ஸ்மா."

"நான் யோரின் பேசறேன்."

"யாரு? கேக்கல."

"யோரின்! ஆபீஸ்ல இருந்து!"

"ஒண்ணும் கேக்கலங்க. எழுதி அனுப்புங்க."

எழுதி அனுப்பியிருக்கலாம். இதை எத்தனையோ பேர் பிறகு சொன்னார்கள். எழுதினால் இன்னொரு தடவை வாயைத் திறக்காமல் தப்பித்திருப்பேன். செல்பேசியை வாயருகில் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜன்னலைத் திறந்து கூவுவதுபோல, அக்கரைக்குக் கூவினேன்.

"யோ-ரின்! நான் போன் பண்ணவே இல்ல! ஒரு ஊருக்கும் பண்ணல! உங்க கோப்பப் பாத்துதான் எழுதினேன்! ஆரம்பத்துலேருந்து!"

என் ராகம் அப்படியே வந்தது. சாலையில் சைக்கிளில் போனவர் ஒருகாலை ஊன்றி நின்றார். ரொட்டிக்கடைக் கதவு திறந்தது. மாவுபடிந்த மேலங்கியோடு ஒரு பெண் வெளியே வந்து பார்த்தார்.

வுப்போ சொன்னார்: "தெரியும்."

"என்னது?"

"மார்ச்லயே தெரியும். ஒரு வார்த்தைய நான் தூக்கக் கலக்கத்துல தப்பான எடத்துல வெட்டிட்டேன். நீயும் அதே எடத்துல வெட்டியிருந்தே. கிறுக்கன்கூட அங்க வெட்டமாட்டான்."

"ஏன் சொல்லல?" கூவினேன்.

"நீ பாத்து எழுதினா என் காது யாருக்கும் தெரியாதுல்ல. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு உன்னச் சொன்னா என்னையும் சொல்லணும். அதான் கேக்க மென்னுக்கிட்டு இருந்தோம், ரெண்டு பேரும்."

"உங்க பாத்திரத்தக் கழுவி வச்சிருக்கேன்!" என்று கத்தினேன்.

"எங்கிட்ட ஏன் கத்தறே?" என்றார் அவர். "ஹெட்விக் கிட்ட சொல்லு. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்."

வைத்துவிட்டார். சைக்கிள்காரர் மிதித்துப் போனார். ரொட்டிக்கடைப் பெண், "உள்ள வந்து கத்து பொண்ணே, காத்து அடிக்குதுல்ல," என்றார். தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்று ஹெட்விக்கை அழைத்தேன்.

"ஹெட்விக் பொஸ்மான்."

"யோரின் ஹென்ட்ரிக்ஸ்," என்றேன். மூன்று வாக்கியங்களில் சொன்னேன். கத்தாமல் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது. நூற்றுக்கு நான்கு என்ற கணக்கையும் சொன்னேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் சொன்னேன்.

"அந்தக் கேக்க சாப்பிட்டே நீ," என்றார் ஹெட்விக்.

"ஆமா."

"ரெண்டு துண்டு."

"ஆமா."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வா. வுப்போவையும் வரச் சொல்றேன். எதிரெதிரா உக்காந்து பேசுவோம், அவருக்கு வாய் தெரியணும். இப்ப அந்தப் பட்டியல முடி."

சாலையைக் கடந்து கடைக்குள் போனேன். சூடும் ஈஸ்ட் வாசனையும். ரிக்கி தெர்போர்க் தட்டிலிருந்து ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகம் எரிந்தது. பிப்ரவரியில் அழைத்துவிட்டுப் பேசாமல் வைத்தது நான்தான் என்று சொல்லத் தோன்றியது. இன்றைக்கு அவர் கேட்டது போதும் என்று விட்டுவிட்டேன். பட்டியலையும் பென்சிலையும் எடுத்தேன்.

"உங்க கடைக்கு வரணும்னா எந்த ஸ்டாப்புல இறங்கணும்?"

அவர் கை நின்றது. "இவ்வளவு நேரம் அந்த ஸ்டாப்புல நின்னுதான கத்திக்கிட்டு இருந்தே?"

"ஆமா. ஆனா நீங்க சொல்லணும்."

ரிக்கி என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "ஹாசன்ஹூக்," என்றார். "வேற எது?"

பின்துண்டு. குறித்துக்கொண்டேன். இன்னும் நாற்பது இருந்தன.